வல்லினம் மிகும் இடம்

எங்கள் அட்டவணையில் பதினான்கு வரிசைகள்.
பெருமழைக்கு ஒன்று, உயர் ஓதத்துக்கு ஒன்று,
அனலுக்கு, புகைமூட்டத்துக்கு,
விடிகாலையில் வரும் சுமத்ராக் காற்றுக்கு.
நேரும் வாய்ப்பு ஒன்று முதல் ஐந்து.
சேதம் ஒன்று முதல் ஐந்து.
பெருக்கினால் ஒரு நிறம் வரும்.

எல்லாம் மஞ்சளாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை
தெலுக் குராவில் மூன்று கார்கள் மிதந்தன.

மழை பெரிதில்லை.
ஓதமும் நாள்காட்டியில் போட்டபடிதான்.
இரண்டும் நாலரைக்கு வந்தன, அவ்வளவே.
வாய்க்காலின் வாயில் கடல் நின்றுகொண்டது,
மின்தூக்கிக் கதவில் சூட்கேஸோடு நிற்பவரைப் போல,
தானும் நகராமல், யாரையும் வெளியே விடாமல்.

இதை எந்த வரிசையில் எழுத என்றாள் ஷஹிதா.
மழையிலா, ஓதத்திலா?
பாதி இங்கே, பாதி அங்கே
என்றார் மேலாளர் சியோங்.

எனக்கு உயர்நிலை இரண்டில்
பத்துக்கு மூன்று வாங்கிய கேள்வி நினைவு வந்தது.
மழை, காலம். சேர்த்து எழுதுக.
மழைக்காலம்.
நடுவில் நிற்கும் அந்த க் யாருடையது?
மழையிடம் இருந்ததில்லை.
காலத்திடம் இருந்தது ஒன்றுதான், இது இரண்டாவது.
ஒட்டிய இடத்தில் முளைத்தது.
கார்களைத் தூக்கிய தண்ணீர் அது.

தோன்றல் என்று பெயர். அடுத்தது திரிதல்.
கடல், கரை, கடற்கரை. ல் முகம் மாறி நிற்கும்.
புகை வந்தால் சன்னலை மூடுக என்று ஒரு தாள்.
அனல் வந்தால் சன்னலைத் திறக்க என்று ஒரு தாள்.
இரண்டையும் எழுதியவன் நான்.
ஈசூனில் பன்னிரண்டாம் மாடி, குளிர்சாதனம் இல்லாத வீடு,
திருவாட்டி பெக் லியான் அழைத்துக் கேட்டார்:
இன்றைக்கு இரண்டும் இருக்கிறதே, எந்தத் தாளைக் கேட்க?
பாதி திறந்து ஈரத்துண்டு தொங்கவிட்டிருக்கிறேன், சரியா?
சரி என்றேன்.
எனக்குத் தெரியாது.

மரம், வேர், மரவேர். ம் காணோம்.
மார்ச்சில் ஐந்து வாரம் மழையில்லாமல் வேர் சுருங்கியது.
ஏப்ரலில் மூன்று நாள் பெய்து மண் களியானது.
அதன்பின் ஒரு காற்று, வழக்கமான காற்று.
அப்பர் சிராங்கூனில் அங்சானா
பேருந்து நிறுத்தத்தின் மேல் படுத்தது.
ஐந்து நாற்பதுக்கு அங்கே ஆள் இருந்திருக்க வேண்டும்.
அன்றைக்குப் பேருந்து முன்கூட்டியே வந்து
எல்லாரையும் ஏற்றிப் போயிருந்தது.
அதற்கு எங்களிடம் வரிசை கிடையாது.
இலக்கணம் இதைக் கெடுதல் என்கிறது.
தேர்வில் எழுதியபோது
அது வெறும் எழுத்தைப் பற்றியது என்று நினைத்தேன்.

ஷஹிதா புதிதாக ஒரு சதுரம் வரைந்தாள்.
வரிசையெல்லாம் நெடுக்கையெல்லாம் சந்திக்கும்.
காற்றுக்குப்பின் மழை வேறு, மழைக்குப்பின் காற்று வேறு;
ஆகவே நூற்று எண்பத்திரண்டு கட்டங்கள்.
நிரம்பியவை பதினொன்று.
சிலவற்றில் இயல்பு என்று எழுதினேன்,
சேர்ந்தும் ஒன்றும் ஆகாதவை.
அந்தச் சொல்லை எழுதும்போது மட்டும்
கை சற்று மெதுவாகப் போகிறது.
மற்றவை வெள்ளை.
பச்சையென்று யாரும் நினைத்துவிடக் கூடாதென
சாம்பல் பூசச் சொன்னார் சியோங்.
அவர் சொன்னதிலேயே நல்லது அது.

இன்று இரண்டு மணிக்கு
தெலுக் குராவ் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்குப் பேசினேன்.
காவலர் தேவசகாயம் எடுத்தார்.
வெள்ளப் பலகையை இப்போதே இறக்கிவிடுங்கள் அண்ணே.
மழையே இல்லையே தம்பி?
இல்லை.
தண்ணி ஏறுதா?
அளவாகத்தான்.
அப்புறம் எதுக்கு?
சொல்லத் தேடினேன்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்று வரலாம் என்றேன்.

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை.
போனைத் தரையில் வைத்தார்.
அலுமினியம் இழுபட்டது.
பிறகு தூணின் பள்ளத்தில் முதல் பலகை இறங்கியது,
டக்.